வீட்டில் மொஹிட்டோ: மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்விகளில் பாதியாவது வந்துவிடும். மச்சினன் கேட்டது, கூட வேலை பார்க்கிறவர் போனில் கேட்டது, பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி கேட்டது எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. மொஹிட்டோ ரம் கலந்த பானம், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு இது கிடையாது. குடிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் நேராக நன்னாரிக் கேள்விக்குப் போய்விடலாம்.

மொஹிட்டோ என்றால் என்னங்க?

கியூபாக்காரர்களின் பானம், ஹவானாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சீனி, புதினா, சோடா, ஐஸ். இந்த ஆறுக்கு மேல் எதுவும் கிடையாது. கியூபா கரும்புத் தீவு. ஆலையில் சீனி எடுத்தது போக மிஞ்சும் கருப்புப் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சியதுதான் ரம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் ஆட்கள் வயிற்றுக் கடுப்புக்கு மருந்தாகக் குடித்ததுதான் இதற்கு மூலம் என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர் ஆளுக்குச் சொல்வதென்றால், நல்ல எலுமிச்சை சோடா சர்பத்தில் புதினா வாசம் ஏறி, அடியில் கொஞ்சம் சூடு இருந்தால் எப்படியோ அப்படி.

மோஜிட்டோவா, மொஹிட்டோவா?

ஸ்பானிஷ் மொழியில் j எழுத்துக்கு 'ஹ' ஓசை. அதனால் மொஹிட்டோ. மெனு கார்டைப் பார்த்து மோஜிட்டோ என்று கேட்டாலும் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் சண்டை வேண்டாம்.

ஒரு கிளாஸுக்கு அளவு சொல்லுங்க.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் இருக்கும் அளவு இது: வெள்ளை ரம் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சீனி 2 டீஸ்பூன், புதினா 6 கொழுந்து, மேலே சோடா. நான் இதிலிருந்து பெரிதாக விலகுவதில்லை. புதினாவை மட்டும் இலையாகக் கிள்ளி எட்டு முதல் பத்து வரை போடுவேன். கல்லுப்பு ஒரே ஒரு சிட்டிகை. உப்பு போட்ட சோடாவுக்குப் பழகிய நாக்கு நம்முடையது, அதை ஏமாற்ற முடியாது.

அளக்க ஒன்றும் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் காய்ச்சல் சிரப்போடு வருமே கோடு போட்ட சின்ன மூடி, அதை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கண் அளவு மட்டும் கூடாது. முதல் கிளாஸுக்குக் கண் சரியாக அளக்கும், மூன்றாவது கிளாஸுக்கு அளக்காது.

எப்படிக் கலப்பது?

சுமார் 300 மி.லி. பிடிக்கிற கண்ணாடித் தம்ளர் நல்லது. எவர்சில்வரும் பரவாயில்லை. செம்பு, பித்தளை வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு அதில் பட்டால் உலோகம் சாற்றில் இறங்கும்.

தம்ளர் அடியில் சீனியையும் எலுமிச்சைச் சாற்றையும் விட்டுக் கரையும்வரை கலக்குங்கள். சோடாவும் ஐஸும் விழுந்த பிறகு சீனி கரையவே கரையாது, ரம்மில் அதைவிடவும் கரையாது. அப்புறம் புதினா இலை. வீட்டில் கீரை கடைகிற மர மத்து இருக்கும், அதன் தலையால் இலையை நாலைந்து தடவை மெல்ல அழுத்துங்கள். அழுத்த வேண்டும், கடையக் கூடாது. பிள்ளையின் முதுகில் தட்டித் தூங்க வைக்கிற அளவு போதும். இலை நசுங்கியும் நசுங்காமலும், முழுசாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும். அந்த நேரம் தம்ளருக்குள் மூக்கை விட்டுப் பாருங்கள், வாசம் குப்பென்று ஏறியிருக்கும். அத்தோடு மத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பிறகு ரம். தம்ளர் நிறைய உடைத்த ஐஸ். கடைசியாகச் சோடா, 80 முதல் 100 மி.லி. நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிடுங்கள், அடியில் கிடக்கும் புதினா மேலே வரும். ஒரு கொழுந்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகுங்கள். குடிக்கக் குனியும்போது மூக்குக்கு முதலில் எட்டுவது அதுதான்.

மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் வேலை சுலபமாச்சே?

சுலபம்தான். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். ஒரு கட்டுப் புதினா, சீனி, எலுமிச்சை எல்லாம் சேர்த்து ஒரே சுற்று. பாசி படிந்த தெப்பக்குளத் தண்ணீர் நிறத்தில் வந்தது. ஒரு வாய் குடித்த மச்சினன், "மாமா, இட்லி எங்கே?" என்றான்.

விஷயம் என்னவென்றால், புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் வெளிப்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே அவை உடைந்துவிடும். இலையைக் கிழித்து அரைத்தால் உள்ளே இருக்கிற பச்சையமும் கசப்பும் சேர்ந்து இறங்கும், கொஞ்ச நேரத்தில் நிறமும் கறுக்கும். சட்னியில் அந்தக் கசப்பைத் தேங்காயும் பச்சை மிளகாயும் புளியும் அமுக்கிவிடுகின்றன. இங்கே அமுக்க ஆள் இல்லை.

நம் வீட்டுக் கை அரைத்துப் பழகிய கை. அம்மி, ஆட்டுக்கல், மிக்ஸி என்று எதைக் கொடுத்தாலும் மைய அரைத்தால்தான் அதற்குத் திருப்தி. மொஹிட்டோ போடக் கற்றுக்கொள்வதில் முக்கால்வாசி, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான். மீதிக் கால்வாசி எலுமிச்சை. ரம்மைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், ருசியைத் தீர்மானிப்பது அது இல்லை.

சரி, ரம்தான் எது? ஓல்ட் மாங்க் ஆகாதா?

வெள்ளை ரம்தான் முறை. டாஸ்மாக்கில் எப்போதும் கருப்பு ரம் இருக்கும், வெள்ளை ரம் எல்லாக் கடையிலும் இருக்காது. எலைட் கடையில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பகார்டி பலரும் அறிந்த பெயர். 1862இல் கியூபாவின் சாண்டியாகோவில் தொடங்கிய கம்பெனி அது. 1960இல் கியூபா அரசு அவர்கள் சொத்துகளை எடுத்துக்கொண்டதால் இப்போது கியூபாவிலேயே அந்த ரம் தயாராவதில்லை. நம் ஊர்க் கடைக்கு வருவது இந்தியாவிலேயே போடுகிற சரக்கு.

ஓல்ட் மாங்க் ஊற்றினால் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் 1954 முதல் வந்துகொண்டிருக்கும் அந்தக் கருப்பு ரம்முக்கு வெனிலாவும் கருகிய சீனியும் கலந்த மாதிரி சொந்த வாசம் உண்டு. அது புதினாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதை ஊற்றுவதானால் புதினாவைப் பாதியாகக் குறைத்து, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். நன்றாக இருக்கும், ஆனால் வேறு பானம். வோட்கா ஊற்றினாலும் இறங்கும், ஆனால் கரும்பு வாசம் போய்விடும். பிராந்தி வேண்டாம். கேட்டவர் என் சித்தப்பா, அவரிடமும் இதையேதான் சொன்னேன்.

எலுமிச்சை எதைப் பார்த்து வாங்குவது?

இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஐரோப்பாவில் கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் தடித்த தோல், விதையில்லாத பெரிய பச்சை வகை. நம்முடையது சின்ன உருண்டை, மெல்லிய தோல், புளிப்பு தூக்கல், வாசம் அதைவிடத் தூக்கல். கரீபியன் பக்கத்துப் பழைய எலுமிச்சையும் இதே இனம்தான். தென்காசிப் பக்கம் புளியங்குடி எலுமிச்சைக்கே பேர் போன ஊர்.

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கினாலும் தெருமுனைத் தள்ளுவண்டியில் வாங்கினாலும், கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். தோல் வழவழவென்று, அழுத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கரடு தட்டிய பச்சைக் காய் வேண்டாம், சாறு வராது. ஒரு நல்ல பழத்தில் 15 மி.லி. போல வரும், ஆக ஒரு கிளாஸுக்கு ஒன்றரைப் பழம். வெட்டும் முன் தரையில் வைத்து உள்ளங்கையால் நாலு உருட்டு உருட்டுங்கள். விதை ஒன்றுகூட விழாமல் பிழியுங்கள், மத்துக்கு அடியில் விதை மாட்டினால் கசப்பு அதிலிருந்தும் வரும். தோல் வாசம் வேண்டும் என்றால் பிழிந்த ஒரு மூடியைத் தம்ளரில் போடலாம், ஆனால் அதை மத்தால் குத்தக் கூடாது.

சித்திரை பிறந்தால் விலை ஏறிவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் ஊரே எலுமிச்சைத் தண்ணீரில்தான் நிற்கும். இது போக அம்மனுக்கு மாலை, புது வண்டிச் சக்கரத்துக்கு நாலு என்று தனிக் கணக்கு. அதற்காகப் பாட்டில் சாறு வாங்காதீர்கள். பழம் இல்லையென்றால் அன்றைக்கு மொஹிட்டோ இல்லை, அவ்வளவுதான்.

புதினாவில் வகை இருக்கிறதா?

இருக்கிறது. கியூபாவில் போடுவதை எர்பா புவேனா என்பார்கள், 'நல்ல பச்சிலை' என்று பொருள். குளிர்ச்சி குறைவு, இனிப்பு வாசம் கூடுதல். நம் மார்க்கெட்டில் பிரியாணிக்குக் கட்டுக் கட்டாக வருகிற சாதாரணப் புதினா அதற்கு நல்ல மாற்று. மிட்டாயில் வருகிற பெப்பர்மின்ட் வாசம் வேறு. அதில் மென்தால் தூக்கல், இதில் போட்டால் இருமல் மருந்து மாதிரி இருக்கும்.

தண்டு தடித்து, இலை புள்ளி விழுந்த கட்டை விட்டுவிடுங்கள். கொழுந்துதான் வேண்டும். உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, துணியில் உலர்த்திவிட்டுப் போடுங்கள். மண் நெறுநெறுக்கிற மொஹிட்டோவை எங்கள் வீட்டில் ஒரு தடவை எல்லாரும் மரியாதைக்காகக் குடித்து முடித்தார்கள்.

சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடலாமா?

போடலாம். நிறம் பழுப்பாகும், கரும்பு வாசம் ஏறும், எனக்குப் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது, பானகம் மாதிரி இருக்கிறது என்பாள். அதிலும் உண்மை இருக்கிறது. கருப்பட்டி மட்டும் வேண்டாம், அது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

நிறையப் பேருக்குக் கலப்பதானால் பாகாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் சீனி, ஒரு தம்ளர் தண்ணீர், சூடாக்கிச் சீனி கரைந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம், முத்துப் பதம் எதுவும் பார்க்கத் தேவையில்லை. ஆறவைத்து பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கிளாஸுக்கு 20 மி.லி.

கோலி சோடா ஊற்றலாமா?

தாராளமாக. நல்ல கோலி சோடாவில் காஸ் அடி பலமாக இருக்கும், மொஹிட்டோவுக்கு அதுதான் வேண்டும். அந்தப் பாட்டிலுக்கு ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கி வைத்தார். உள்ளே இருக்கிற காஸே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் டப்பென்று கோலி உள்ளே விழும். கழுத்தில் ஒரு பக்கம் இரண்டு குழி இருக்குமே, ஊற்றும்போது அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாயுங்கள். கோலி குழியில் மாட்டி நிற்கும், இல்லாவிட்டால் உருண்டு வந்து வாயை மறுபடி அடைக்கும்.

பன்னீர் சோடா, எலுமிச்சை வாசக் கூல்டிரிங்க் எதுவும் வேண்டாம். மதுரைக்காரனுக்குப் பன்னீர் சோடா மேல் இருக்கிற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் ரோஜாவும் புதினாவும் ஒரே தம்ளரில் ஒத்துப்போவதில்லை.

இன்னொன்று, சோடா ஊற்றிய பிறகு குலுக்காதீர்கள். படத்தில் பார்த்த மாதிரி செய்ய ஆசைப்பட்டு, எவர்சில்வர் தூக்குச்சட்டியில் எல்லாவற்றையும் போட்டு மூடிக் குலுக்கினேன். மூடி பறந்துபோய்த் தண்ணீர் டேங்கில் அடித்தது. பக்கத்து மாடியில் காயப்போட்டிருந்த வேட்டியில் புதினா ஒட்டியிருந்ததை மறுநாள் அண்ணன் வந்து காட்டினார்.

ஐஸ்?

வீட்டில் கேன் தண்ணீரில் வைத்த ஐஸ். போர் தண்ணீர் உப்பு என்றால் ஐஸும் உப்புதான், அது உருகி உருகிக் கடைசி வாயில் தெரியும். மீன் வண்டிக்கு அடிக்கிற பார் ஐஸ் வேண்டவே வேண்டாம், அது குடிப்பதற்காகச் செய்தது இல்லை. கட்டிகளைச் சுத்தமான துண்டில் முடிந்து பூரிக்கட்டையால் நாலு போடு போடுங்கள். தூளாகிவிடக் கூடாது, கடலை மிட்டாய் உடைத்த மாதிரி இருந்தால் போதும். மே மாத மாடியில் ஐஸைக் குறைத்துப் போட்டால் சீக்கிரம் உருகித் தண்ணியாகிவிடும். நிறையப் போட்டால்தான் மெதுவாக உருகும்.

பத்துப் பேர் வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

ரம் 450 மி.லி., சாறு 200 மி.லி. (16 பழம் வாங்கி வையுங்கள், ஒன்றிரண்டு சொதப்பும்), பாகு 200 மி.லி., புதினா இரண்டு பெரிய கட்டு, சோடா ஒரு லிட்டர், ஐஸ் மூன்று கிலோ. சாறு, பாகு, ரம் மூன்றையும் ஒரு ஜக்கில் கலந்து மதியமே பிரிட்ஜில் வைத்துவிடலாம். புதினாவை அதில் போடாதீர்கள், கறுத்துவிடும். ஆட்கள் வந்த பிறகு ஒவ்வொரு தம்ளரிலும் இலையை அழுத்தி, ஜக்கிலிருந்து 85 மி.லி. ஊற்றி, ஐஸ், சோடா. இலை அழுத்துகிற வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வந்தவரிடம் மத்தைக் கொடுத்தால் துவையல்தான்.

பாட்டிலை முன்னாலேயே வாங்கி வையுங்கள். காந்தி ஜெயந்திக்குக் கடை கிடையாது, பொங்கலோடு வருகிற திருவள்ளுவர் தினத்துக்கும் கிடையாது. வருஷா வருஷம் யாராவது ஒருவர் இரண்டாவதை மறந்துவிட்டுக் கையைப் பிசைவார்.

ஒரு குவார்ட்டரில் எத்தனை கிளாஸ் வரும்? போதை ஏறுமா?

குவார்ட்டர் என்பது 180 மி.லி., அதை 45ஆல் வகுத்தால் நாலு. கடையில் வருகிற ரம் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 15 கிராம் சுத்தமான ஆல்கஹால். ஏறாமல் எங்கே போகும்? இதில் ஆபத்தே இனிப்பும் குளிர்ச்சியும்தான். தொண்டையில் எரிச்சல் இல்லாததால் சர்பத் மாதிரி இறங்கும், மூன்று கிளாஸ் போன பிறகுதான் முக்கால் குவார்ட்டர் உள்ளே போயிருப்பது எழுந்து நிற்கும்போது தெரியும். எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு, நடுவில் ஒரு செம்பு தண்ணீர்.

வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு கிளாஸே பலரை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். "இங்கிருக்கிற அண்ணா நகர்தானே" என்பவரிடமும் வாங்குங்கள்.

ஊர்ப்பக்கம் காய்ச்சின சரக்கு கிடைக்கிறது, அதை ஊற்றலாமா?

கூடாது. மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது, எலுமிச்சையும் புதினாவும் அதை முறிக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது அதனால்தான்.

சுகர் இருக்கிறது. சீனி இல்லாமல் போட்டால் பரவாயில்லையா?

சீனியை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மது ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம், அதுவும் வெறும் வயிற்றில். மயக்கத்தைப் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். வயிற்றுக்கோ பல்லுக்கோ மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்திருந்தால் அந்த நாட்களில் வேண்டாம். தூக்க மாத்திரையோடும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கிடையாது.

குடிக்காதவர்களுக்கு என்ன கொடுப்பது?

நன்னாரி. ரம்மையும் சீனியையும் எடுத்துவிட்டு நன்னாரி சர்பத் 30 மி.லி., மற்றபடி எல்லாம் அதே முறை. வேர் வாசமும் புதினாவும் அவ்வளவு பொருத்தம். எங்கள் அம்மா மாடிக்கு வருவதே இதற்காகத்தான்.

ஊரில் ஒரு கடையில் 'வர்ஜின்' மொஹிட்டோ என்று நீலக் கலரில் ஒன்று கொடுத்தார்கள். பாட்டில் சிரப்பும் சோடாவும். மேலே ஒரு புதினா இலை, அதுவும் வாடியது. 160 ரூபாய். அந்தக் காசுக்கு நாலு பேருக்கு நன்னாரி போட்டிருப்பேன், மேலே ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டாவும் முடிந்தால் வாங்கித் தந்திருப்பேன்.

தொட்டுக்கொள்ள?

கோலா உருண்டை. மட்டன் கொத்துக்கறியும் பொட்டுக்கடலை மாவும் சோம்பும் சேர்ந்து பொரிந்தது, அந்த எண்ணெய்க்கு எலுமிச்சை நன்றாக நிற்கும். இல்லையா, அவித்த நிலக்கடலையில் வெங்காயம், பச்சை மிளகாய். சீசனில் உப்பு மிளகாய்த் தூள் தொட்ட மாங்காய் வேண்டாம், புளிப்புக்கு மேல் புளிப்பாகிவிடும். மட்டன் சுக்காவைச் சாப்பாட்டுக்கு வையுங்கள், மிளகுக் காரத்தில் புதினா காணாமல் போகும்.

மிச்சப் புதினாவை என்ன செய்ய?

தடித்த தண்டாக நாலு எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் விடும். தொட்டியில் நட்டு, நேர் வெயில் படாத இடத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அடுத்த தடவைக்கு மார்க்கெட் போக வேண்டியதில்லை.

மீதி இலையை ஞாயிற்றுக்கிழமை காலை துவையல் அரைத்துவிடலாம். அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் மைய அரைத்துக்கொள்ளுங்கள். மத்தை மட்டும் அதற்கு முன்னாலேயே கழுவி, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கீரை கடைய எடுக்கும்போது ரம் வாசம் அடித்ததால் ஒரு மாதம் மாடிக் கதவுச் சாவி கைக்கு வரவில்லை.